பெல்ட் அறுந்த வெரிட்டோ: ஹெட்டை இறக்க வேண்டுமா?

உசிலம்பட்டி பக்கத்திலிருந்து பூ வியாபாரம் செய்யும் ஒரு வாசகர் எழுதியிருக்கிறார்:

"அண்ணே, என்னிடம் மஹிந்திரா வெரிட்டோ டீசல் கார் இருக்கிறது. இரண்டு வருஷத்துக்கு முன் செகண்ட் ஹேண்டில் வாங்கினேன். மீட்டரில் 1,18,000 கி.மீ. காட்டுகிறது. தினமும் விடியற்காலையில் பூ மூட்டைகளை ஏற்றிக்கொண்டு மாட்டுத்தாவணி மார்க்கெட்டுக்குப் போவேன். போன வாரம் செக்கானூரணி தாண்டும்போது எந்தச் சத்தமும் இல்லாமல் இன்ஜின் அணைந்துவிட்டது. நாலைந்து தடவை செல்ப் அடித்தேன். ரொம்ப லேசாகச் சுற்றியது, ஆனால் பிடிக்கவில்லை. டீக்கடையில் இருந்தவர்கள் கியரில் போட்டுத் தள்ளியும் பார்த்தார்கள். கட்டி இழுத்துக்கொண்டுதான் ஊருக்கு வந்தேன். திறந்து பார்த்தால் டைமிங் பெல்ட் அறுந்திருக்கிறது. எங்கள் ஊர் மெக்கானிக், பெல்ட்டை மட்டும் மாட்டி ஸ்டார்ட் செய்து பார்க்கலாம், 8,000 ஆகும் என்கிறார். மதுரையில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் போனிலேயே, எட்டு வால்வும் போயிருக்கும், 65,000 எடுத்து வையுங்கள் என்றார்கள். மச்சான், பழைய இன்ஜின் ஒன்று 50,000-க்கு வருகிறது, மாற்றிவிடலாம் என்கிறார். இன்சூரன்ஸில் கேட்கலாமா? முகூர்த்த சீசன், வண்டி சீக்கிரம் வேண்டும். இனிமேல் செயின் உள்ள வண்டியாக வாங்கிவிடலாமா?"

தம்பி, முதலில் ஒரு காரியம் செய்யுங்கள். பேட்டரியின் மைனஸ் ஒயரைக் கழற்றி ஓரமாக வைத்துவிடுங்கள். வீட்டில் நிற்கும் வண்டியை வருகிறவர், போகிறவர் எல்லாம் "ஒரு தடவை செல்ப் அடித்துப் பார்க்கலாமே" என்பார்கள். பெல்ட் அறுந்த வண்டியில் ஒவ்வொரு செல்பும் ஒரு அடி. ஓடும்போது தப்பிய வால்வுகூட செல்ப் சுற்றும் வேகத்தில் வளையலாம். கியரில் போட்டுத் தள்ளியதும் அதே கணக்குதான். நடந்தது நடந்துவிட்டது, இனி யாரும் தொடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

செல்ப் லேசாகச் சுற்றியது என்று எழுதியிருக்கிறீர்கள். அடுத்த தடவை உங்களுக்கோ, உங்கள் நண்பர்களுக்கோ இது உதவும்: ஓடிக்கொண்டிருந்த வண்டி பட்டென்று அணைந்து, செல்ப் அடித்தால் வழக்கத்தைவிட வேகமாக, கனமே இல்லாமல் சுற்றினால், சிலிண்டருக்குள் காற்று இறுகவில்லை, அதாவது கம்ப்ரஷன் இல்லை என்று அர்த்தம். அந்த இடத்திலேயே சாவியை எடுத்துவிட்டு இழுவைக்கு ஆள் கூப்பிட வேண்டியதுதான்.

உள்ளே என்ன நடந்திருக்கும் என்று சொல்கிறேன். இது தெரிந்தால் மெக்கானிக்கிடம் கேள்வி கேட்க முடியும். பிஸ்டனை ஆட்டுவது கிராங்க். வால்வைத் திறந்து மூடுவது மேலே இருக்கும் கேம் ஷாஃப்ட். கிராங்க் இரண்டு சுற்று சுற்றினால் கேம் ஒரு சுற்று சுற்ற வேண்டும். இரண்டையும் அந்தக் கணக்கு தப்பாமல் கட்டி வைத்திருப்பது டைமிங் பெல்ட். ஒரே உரலில் இரண்டு பேர் மாற்றி மாற்றி உலக்கை போடுவதைப் பார்த்திருப்பீர்கள். ஒருவர் எடுத்த பிறகுதான் மற்றவர் இறக்குவார். பிஸ்டனுக்கும் வால்வுக்கும் அதே ஏற்பாடுதான், இடம் ஒன்று, நேரம் வேறு. பெல்ட் அறுந்ததும் கேம் அப்படியே நின்றுவிடுகிறது. அந்த நேரத்தில் திறந்திருந்த வால்வுகள் திறந்தபடியே தொங்குகின்றன. வண்டி ஓடுகிற வேகத்தில் கிராங்க் மட்டும் சுற்றிக்கொண்டே இருக்கும். மேலே வரும் பிஸ்டன், தொங்கும் வால்வில் இடிக்கிறது.

எல்லா இன்ஜினிலும் இப்படி நடக்காது. சில பழைய பெட்ரோல் இன்ஜின்களில் வால்வு முழுதாகத் திறந்திருந்தாலும் பிஸ்டன் தொடாத அளவு இடம் விட்டிருப்பார்கள். அவற்றில் பெல்ட்டை மாற்றினால் வண்டி கிளம்பிவிடும். உங்கள் ஊர் மெக்கானிக்கின் அனுபவம் அப்படிப்பட்ட வண்டிகளாக இருக்கலாம். அவரைக் குறை சொல்லமாட்டேன். ஆனால் டீசலில் அந்த இடைவெளி கிடையாது. டீசல் எரிய காற்றை அவ்வளவு இறுக்க வேண்டும், அதனால் பிஸ்டன் உச்சிக்கு வரும்போது, வால்வுகள் உட்கார்ந்திருக்கும் மேல் பாகமான ஹெட்டின் முகத்தை ஒட்டிக்கொண்டு நிற்கும். உங்கள் வண்டியில் இருப்பது ரெனோவின் 1.5 லிட்டர் டிசிஐ இன்ஜின். 1461 சிசி, நாலு சிலிண்டர், எட்டு வால்வு, மேலே ஒரே கேம். நம் நாட்டில் 2007-ல் லோகனில் வந்தது. வெரிட்டோ, டஸ்டர், டெரானோ, சன்னி டீசல், மைக்ரா டீசல் எல்லாவற்றிலும் இதே குடும்பத்து இன்ஜின்தான். அதில் உங்களுக்கு ஒரு லாபம் உண்டு. வால்வு, கேமுக்கும் வால்வுக்கும் நடுவில் உட்காரும் டேப்பட், கேஸ்கெட் செட்டுக்காக ஊர் ஊராக அலைய வேண்டியதில்லை.

இப்போது உங்கள் கையில் மூன்று ரேட் இருக்கிறது. மூன்றும் இன்ஜினை அளந்து பார்க்காமல் சொன்ன ரேட். எட்டாயிரத்துக்கும் அறுபத்தைந்தாயிரத்துக்கும் நடுவே எது உண்மை என்பதை அரை நாள் வேலையில் கண்டுபிடித்துவிடலாம். ஹெட்டை இறக்காமல், புது பெல்ட் கூட வாங்காமல் செய்கிற வேலை அது.

முதலில் கிராங்கை ஸ்பேனர் போட்டுக் கையால் மெதுவாகத் திருப்பி, நாலு பிஸ்டனும் பாதி உயரத்தில் நிற்கும்படி வைக்க வேண்டும். நாலு சிலிண்டர் இன்ஜினில் ஒன்றும் நாலும் உச்சியில் இருக்கும் நிலையிலிருந்து கால் சுற்று தள்ளினால் போதும். போகிற வழியில் எங்காவது கெட்டியாகத் தட்டினால் அழுத்தக் கூடாது, கேமைக் கொஞ்சம் நகர்த்தி வழிவிட வேண்டும். பிஸ்டன்கள் நடுவில் வந்துவிட்டால் எந்த வால்வும் எதிலும் இடிக்காது. கேமைத் தைரியமாகச் சுற்றலாம். பிறகு மேல் கவரைக் கழற்றி, ஒவ்வொரு வால்வுக்கும் கேமின் மூக்கு மேலே பார்க்கும் நிலைக்குத் திருப்பி, கேமுக்கும் டேப்பட்டுக்கும் நடுவில் ஃபீலர் கேஜ் என்ற மெல்லிய அளவுத் தகட்டை விட்டு இடைவெளியை அளக்க வேண்டும். இந்த இன்ஜினில் இடைவெளியைத் தானே சரிசெய்துகொள்ளும் ஹைட்ராலிக் லிஃப்டர் கிடையாது, கெட்டி டேப்பட்தான், அதனால் இந்த அளவு பொய் சொல்லாது. வளைந்த வால்வு முழுதாக மேலே வந்து உட்காராது. அது கீழேயே நிற்பதால் இடைவெளி கூடிவிடும். 0.20 மில்லிமீட்டர் காட்ட வேண்டிய இடத்தில் 0.80 காட்டினால் அந்த வால்வின் கதை முடிந்தது. காற்றை உள்ளே விடும் இன்டேக் வால்வைவிட, புகையை வெளியே விடும் எக்ஸாஸ்ட் வால்வுக்கு இடைவெளி அதிகம் இருப்பது இயல்பு. அதைப் பார்த்துப் பயந்துவிட வேண்டாம்.

அப்போதே டேப்பட் ஒவ்வொன்றையும் டார்ச் அடித்துப் பார்க்கச் சொல்லுங்கள். இந்த மாதிரி இன்ஜினில் வால்வுகள் நெட்டுக்குத்தாக நிற்பதால் அடி நேராக மேலே ஏறும். வால்வின் தண்டு கொஞ்சமாக வளைந்து, டேப்பட் விரிசல் விட்டிருக்கும். சில நேரம் கேம் ஷாஃப்டே இரண்டாகியிருக்கும். கேம் உடைந்த இன்ஜினில் வால்வு தப்பித்திருக்குமோ என்று யோசித்துக்கொண்டிருக்க வேண்டியதில்லை.

இடைவெளி எல்லாம் சரியாக இருந்தால் அடுத்தது காற்று வைத்துப் பார்ப்பது. ஒரு சிலிண்டரின் இரண்டு வால்வும் மூடியிருக்கும் நிலைக்குக் கேமைத் திருப்பி, வண்டியைக் கியரில் போட்டு ஹேண்ட் பிரேக்கை இழுத்துவிட்டு, சிலிண்டரைச் சூடாக்கும் ஹீட்டர் பிளக்கைக் கழற்றி, அந்த ஓட்டை வழியாகக் கம்ப்ரஸர் காற்றை விட வேண்டும். சைலன்ஸர் வழியாகச் சீறினால் எக்ஸாஸ்ட் வால்வு. ஏர் ஃபில்டர் பக்கம் சீறினால் இன்டேக் வால்வு. ஆயில் ஊற்றும் மூடி வழியாக வந்தால் பிஸ்டன் ரிங். ஹீட்டர் பிளக்கைக் கழற்றும்போது அவசரப்பட்டால் அது உள்ளேயே முறிந்துகொள்ளும், அப்புறம் அது தனிச் செலவு. முதல் நாளே துருவுக்கான ஆயிலை அடித்து ஊறவிடச் சொல்லுங்கள்.

இரண்டு சோதனையிலும் எட்டு வால்வும் தேறிவிட்டால், உங்கள் ஊர் மெக்கானிக் சொன்னபடி பெல்ட் செட்டை மாட்டலாம். ஆனால் நல்ல வேகத்தில் போகும்போது அறுந்திருக்கிறது, பிறகு செல்பும் தள்ளலும் வேறு. என் கணிப்பு, ஹெட் இறங்கத்தான் வேண்டும். சோதிக்காமல் பெல்ட்டை மாட்டி ஸ்டார்ட் செய்வதற்கு மட்டும் ஒத்துக்கொள்ளாதீர்கள். கிளம்பினாலும், வளைந்த வால்வோடு மூன்று சிலிண்டரில் நடுங்கிக்கொண்டு ஓடும். பாதி அடி வாங்கிய வால்வு என்றைக்காவது தலை தெறித்து சிலிண்டருக்குள் விழும். அன்றைக்குப் பிஸ்டன், ஹெட், சிலிண்டர் சுவர் எல்லாம் சேர்ந்து போகும்.

ஹெட்டை இறக்குவது என்று முடிவானால், நீங்கள் கண்கொத்திப் பாம்பாக நிற்க வேண்டிய இடம் லேத். வளைந்த வால்வை நிமிர்த்தித் தருகிறேன் என்று யாராவது சொன்னால் ஹெட்டைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுங்கள். தண்டு ஒருமுறை வளைந்து நிமிர்ந்தால் கழுத்துப் பகுதியில் கண்ணுக்குத் தெரியாத விரிசல் இருக்கும். வண்டி 2,000 ஆர்.பி.எம்மில் ஓடும்போது ஒரு வால்வு நிமிஷத்துக்கு ஆயிரம் தடவை திறந்து மூடுகிறது. அந்த விரிசல் எத்தனை நாள் தாங்கும்?

எத்தனை வால்வு மாற்றுவது என்பதில் ஒர்க்‌ஷாப்களுக்குள் சண்டை உண்டு. வளைந்ததை மட்டும் மாற்றினால் போதும் என்பார்கள் சிலர். டயல் கேஜ் வைத்துச் சுற்றி அளந்து நேராக இருப்பதை வைத்துக்கொள்ளலாம் என்பதும் தொழில்நுட்பப்படி தப்பில்லை. நான் எட்டையும் மாற்றச் சொல்வேன். ஹெட்டை இறக்கி ஏற்றும் கூலி, கேஸ்கெட், போல்ட், லேத் எல்லாம் எப்படியும் ஆகப்போகிறது. அந்தப் பில்லில் மிச்சம் இருக்கும் சில வால்வுகளின் விலை பெரிதாகத் தெரியாது. வால்வோடு, தண்டு வழியே ஆயில் இறங்காமல் தடுக்கும் ஸ்டெம் சீலும் எட்டும் புதிதாக வர வேண்டும். தண்டு ஏறி இறங்கும் குழாயான கைடு விரிசல் விட்டிருக்கிறதா, தளர்ந்திருக்கிறதா என்று புது வால்வைப் போட்டு ஆட்டிப் பார்ப்பார்கள். பிறகு வால்வு வந்து உட்காரும் சீட்டைத் திருத்தி, பேஸ்ட் போட்டு லேப்பிங் செய்து, அதாவது இரண்டையும் தேய்த்துப் பொருத்தி, போர்ட்டில் மண்ணெண்ணெயோ டீசலோ ஊற்றிக் கொஞ்ச நேரம் வைத்துக் காட்டச் சொல்லுங்கள். கீழே ஒரு சொட்டு கசிந்தாலும் திரும்ப லேப்பிங். டேப்பட் இடைவெளியை இந்த இன்ஜினில் ஸ்க்ரூ திருகிச் சரிசெய்ய முடியாது. வேறு வேறு கனத்தில் வரும் டேப்பட்டை அளந்து மாற்ற வேண்டும். புது வால்வு போட்டு இதைச் செய்யாமல் விட்டால், எல்லாம் புதிதாக இருந்தும் வண்டி சத்தம் போடும், இல்லாவிட்டால் வால்வு மூடாமல் எரிந்துபோகும்.

ஹெட்டின் முகத்தைத் தேய்ப்பது பற்றியும் ஒரு வார்த்தை. நம் ஊர் லேத்களில் ஹெட் வந்தாலே ஒரு கட்டிங் போட்டுவிடும் பழக்கம் இருக்கிறது. பல டீசல் ஹெட்களில் கம்பெனி அதை அனுமதிப்பதே இல்லை. தேய்த்தால் வால்வு பிஸ்டனுக்கு இன்னும் கிட்டே வந்துவிடும். நேர்கோல் வைத்து அளந்து, மேனுவலில் சொன்ன அளவுக்குமேல் கோணியிருந்தால் மட்டும் பேசலாம்.

ஹெட் லேத்தில் இருக்கும்போது கீழே சிலிண்டர்கள் இருக்கும் பிளாக்கைச் சும்மா விடாதீர்கள். பிஸ்டன் தலையில் பிறை மாதிரி பளபளப்பான அடையாளம் இருக்கும். அது மட்டும் என்றால் பரவாயில்லை. குழி விழுந்து ஓரம் உடைந்திருந்தாலோ விரிசல் தெரிந்தாலோ பிஸ்டன் மாற வேண்டும். அடுத்து, நாலு பிஸ்டனையும் உச்சிக்குக் கொண்டுவந்து டயல் கேஜால் உயரம் அளக்கச் சொல்லுங்கள். ஒன்று மட்டும் தாழ்வாக நின்றால், அதைக் கிராங்கோடு இணைக்கும் கனெக்டிங் ராடு வளைந்திருக்கிறது. பத்து நிமிஷ வேலை இது. ஏனோ முக்கால்வாசிப் பேர் செய்வதில்லை.

திரும்பப் பூட்டும்போது ஹெட் போல்ட் புதிதாக இருக்கட்டும். அவை இழுபட்டு இறுகும் வகை, ஒருமுறைக்குத்தான். டீசலைத் தெளிக்கும் இன்ஜெக்டர்களைக் கழற்றும்போதே ஒன்று, இரண்டு என்று எழுதி வைத்து அதே சிலிண்டரில் போட வேண்டும். ஒவ்வொரு இன்ஜெக்டருக்கும் உரிய குறியீடு வண்டியின் கம்ப்யூட்டரான இசியூவில் பதிவாகியிருக்கும். மாறினால் வண்டி இழுக்காது, புகை கக்கும். செம்பு வாஷரும் புதிது. பெல்ட் மாட்டும்போது கிராங்குக்கும் கேமுக்கும் பூட்டு ஊசி போட்டு மாட்டுகிற ஆள்தான் வேண்டும். ஒயிட்னரில் கோடு போட்டு மாட்டுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். பெல்ட் அறுந்த வண்டியில் அந்தக் கோட்டை எதை வைத்துப் போடுவது? மாட்டியபின் கையால் இரண்டு முழுச் சுற்று சுற்றி, ஊசி திரும்பவும் சரியாக இறங்கினால்தான் சாவியைத் தொட வேண்டும்.

இதுவரை சொன்னதைவிட நான் முக்கியமாகக் கருதும் ஒன்று இருக்கிறது. மூன்று பேரிடம் கேட்டிருக்கிறீர்கள், மூன்று பேரும் ரேட் சொல்லியிருக்கிறார்கள். பெல்ட் ஏன் அறுந்தது என்று ஒருவராவது கேட்டாரா? அதற்குப் பதில் தெரியாமல் எட்டு வால்வையும் மாற்றினால், புது பெல்ட்டும் அதே காரணத்தால் அறுந்து, புது வால்வும் வளையும்.

அறுந்த பெல்ட்டை வாங்கிப் பாருங்கள், அதுவே நிறையச் சொல்லும். ஒரு பக்க ஓரம் மட்டும் நார் நாராகப் பிய்ந்திருந்தால் பெல்ட்டை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனரோ, அதை வழிநடத்தும் ஐட்லர் உருளையோ கோணலாக ஓடியிருக்கிறது. ஒரே இடத்தில் வரிசையாகப் பல் மழுங்கி உதிர்ந்திருந்தால் ஏதோ ஒன்று இறுகி நின்றிருக்கிறது. இந்த இன்ஜினில் வாட்டர் பம்பையும், டீசலை அழுத்தும் ஹைபிரஷர் பம்பையும் இதே பெல்ட்தான் ஓட்டுகிறது. வாட்டர் பம்ப் பேரிங் பிடித்துக்கொண்டால் பெல்ட் என்ன செய்யும்? அதனால் வாட்டர் பம்ப், டென்ஷனர், ஐட்லர் மூன்றையும் பெல்ட்டோடு சேர்த்து மாற்றுங்கள். பம்ப் நன்றாகத்தான் இருக்கிறது, எதற்கு வீண் செலவு என்று சொல்பவர் பேச்சைக் கேட்காதீர்கள். கூலன்ட்டுக்குப் பதில் குழாய்த் தண்ணீர் ஊற்றி ஓட்டியிருந்தால் பம்ப் நிச்சயம் அடி வாங்கியிருக்கும். உங்களுக்கு முன் வைத்திருந்தவர் என்ன ஊற்றினார் என்பது யாருக்குத் தெரியும்?

பெல்ட் எண்ணெயில் ஊறி வழவழப்பாக இருந்தால் கேம் சீலோ கிராங்க் சீலோ கசிகிறது. இரண்டு சீலையும் இப்போதே மாற்றிவிடலாம். வெளியே இருக்கும் ஆல்டர்னேட்டர் பெல்ட்டையும் பாருங்கள். இந்த இன்ஜினில் அந்தப் பெல்ட் பிய்ந்து, அதன் நூல் கிராங்க் புல்லிக்குப் பின்னால் புகுந்து டைமிங் பெல்ட்டை இழுத்துப்போடுவது தெரிந்த விஷயம். தோட்டத்து மண் பாதையில் ஓடும் வண்டியில் அந்த வெளிப் பெல்ட் இன்னும் சீக்கிரம் தேயும். டைமிங் கவருக்குள் கறுப்பு நூல் சுருண்டு கிடந்தால் காரணம் கிடைத்துவிட்டது.

இவை ஒன்றுமே இல்லாமல், பெல்ட்டின் முதுகில் வெடிப்பு வெடிப்பாக இருந்தால் வயசுதான். டைமிங் பெல்ட்டுக்குக் கிலோமீட்டர் கணக்கும் உண்டு, வருஷக் கணக்கும் உண்டு. எது முதலில் வருகிறதோ அன்றைக்கு மாற்ற வேண்டும். உங்கள் வண்டிக்கான அளவு மேனுவலில் இருக்கிறது. மதுரை வெயிலுக்கு அதைக் கொஞ்சம் முன்னாலேயே செய்வது நல்லது. செகண்ட் ஹேண்டில் வாங்கும் வண்டிக்கு, பெல்ட் மாற்றிய பில் கையில் இல்லையென்றால் மாற்றவே இல்லை என்றுதான் எடுத்துக்கொள்ள வேண்டும். மீட்டரில் இருக்கும் எண் உண்மை என்பதற்கும் உத்தரவாதம் இல்லையே.

மச்சான் சொல்லும் பழைய இன்ஜின் யோசனை, பிஸ்டனோ ராடோ போயிருந்தால் மட்டும் பேச வேண்டியது. அந்த இன்ஜினுக்கும் ஒரு டைமிங் பெல்ட் இருக்கிறது, அதன் வயசும் உங்களுக்குத் தெரியாது. வாங்கினால் மாட்டுவதற்கு முன்பே பெல்ட் செட், வாட்டர் பம்ப் இரண்டும் புதிதாகப் போட வேண்டும். இன்ஜின் நம்பர் மாறுவதை ஆர்டிஓ ஆபீஸில் சொல்லி ஆர்சியில் ஏற்ற வேண்டும். அந்த இன்ஜினை விற்பவரிடம் அது எந்த வண்டியிலிருந்து வந்தது என்பதற்கான காகிதமும் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் நாளைக்கு இன்சூரன்ஸிலும் போலீஸிலும் பதில் சொல்ல வேண்டியது நீங்கள்தான்.

இன்சூரன்ஸ் கிடைக்காது. தேய்மானமும் மெக்கானிக்கல் பழுதும் சாதாரண வண்டி பாலிசியில் விலக்கு. ரோட்டோர உதவி என்ற கூடுதல் கவர் எடுத்திருந்தால் இழுத்து வந்த செலவைக் கேட்டுப் பார்க்கலாம், அவ்வளவுதான்.

பணத்தை இரண்டாகப் பிரித்துப் பேசுங்கள். முதலில் சோதனைக்கு மட்டும் ஒரு கூலி. அளவுகளை எழுதி வாங்கிக்கொண்டு, பிறகு ஹெட் வேலைக்குத் தனி எஸ்டிமேட். வால்வு, சீல், கேஸ்கெட், போல்ட், பெல்ட் செட், பம்ப், லேத், கூலி என்று வரி வரியாக இருக்கட்டும். 65,000 என்று போனில் சொன்ன இடத்திலேயேகூட இப்படிக் கேளுங்கள். எழுதிக் கொடுக்கிறவர்கள் என்றால் அங்கேயே விடலாம். கழற்றிய பழைய பொருள் எல்லாவற்றையும் ஒரு சாக்கில் போட்டுத் தரச் சொல்லுங்கள்.

சீக்கிரம் வேண்டும் என்கிறீர்கள், புரிகிறது. லேத்தில் ஹெட் வரிசையில் நிற்கும், பார்ட்ஸ் வர நாள் ஆகும். மூன்று நாளில் தருகிறேன் என்பவரை அவசரப்படுத்தினால் அந்த மண்ணெண்ணெய்ச் சோதனையும் டயல் கேஜும்தான் முதலில் விட்டுப்போகும். முகூர்த்த நாட்களுக்குப் பக்கத்து வியாபாரிகளோடு சேர்ந்து ஒரு லோடு வண்டி பேசிக்கொள்ளுங்கள். வேலை முடிந்ததும் ஆயிலும் ஃபில்டரும் புதிது. ஹெட்டைத் தூக்கும்போது கூலன்ட்டும் தூசியும் கீழே இறங்கியிருக்கும். ஆயிரம் கிலோமீட்டர் ஓடியதும் இன்னொரு தடவை ஆயிலை மாற்றிவிடுங்கள். அந்த ஆயிரத்துக்கும் மூட்டையைக் குறைத்து, முறுக்காமல் ஓட்டுங்கள்.

செயின் வண்டி வாங்கலாமா என்றால், வாங்கலாம். செகண்ட் ஹேண்டில் வரும் 1.3 டீசல் ஸ்விஃப்ட், டிசையர் எல்லாம் செயின்தான். ஆனால் செயினுக்குச் சாவே இல்லை என்று நினைத்து வாங்காதீர்கள். அது இன்ஜின் ஆயிலில் குளித்துக்கொண்டு ஓடுவது. ஆயில் மாற்றுவதைத் தள்ளிப்போட்டால் செயின் நீண்டு, டென்ஷனர் தளர்ந்து, காலையில் முதல் ஸ்டார்ட்டில் சலசலவென்று சத்தம் கொடுக்கும். அதையும் கேட்காமல் ஓட்டினால் பல் தாண்டி இதே வால்வுகள் இதே மாதிரி வளையும். அந்தச் சத்தம் ஒன்றுதான் பெல்ட்டிடம் இல்லாத வசதி.